பல்கலைக்கழக ஆன்மகுருவாகப் போகிறவருக்கு: நியமனக் கடிதத்தில் எழுதியிராதவை

ஆயர் இல்லத்திலிருந்து வந்த கடிதத்தில் பங்கின் பெயர் மேலே இருந்தது. கீழே, பல்கலைக்கழக மாணவர்களின் ஆன்மகுருப் பொறுப்பும் எனக்குத்தான் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி என் முதல் வருடத்தில் பாதியையும், கையில் இருந்த 85,000 ரூபா சொச்சத்தையும் தின்றுவிட்டது. மலையகத்தில் ஓர் அரச பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். பேராதனைக்குப் போனாலும் சரி, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவுக்குப் போனாலும் சரி, சிக்கல்கள் கிட்டத்தட்ட இவைதான் என்று பிறகு மற்றக் குருக்களோடு பேசியபோது தெரிந்தது. எனக்கு முன்னிருந்தவர் திடீர் மாற்றத்தில் போனார், கோப்பு எதுவும் விட்டுப் போகவில்லை. கேட்க ஆளில்லை. குருமடத்தில் எட்டு வருடம் படித்ததில் கெம்பஸைப் பற்றி யாரும் ஒரு மணித்தியாலம்கூடப் பேசியதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 813ஆம் இலக்கம் (கீழே வரும் சட்ட இலக்கங்களும் அதிலிருந்துதான்), கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அல்லாத இடங்களில் படிக்கும் மாணவரையும் ஆயர் கவனிக்க வேண்டும், அதற்கென நிலையாகக் குருக்களையாவது நியமிக்க வேண்டும் என்கிறது. 566இன்படி, நியமனத்தோடேயே உங்கள் பொறுப்பில் உள்ளவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், பிரசங்கிக்கவும், நோயில் பூசுதலும் வழித்துணை நன்மையும் (சாகும் தறுவாயில் கொடுக்கும் நற்கருணை) கொடுக்கவும், மரண ஆபத்தில் உள்ளவருக்கு உறுதிப்பூசுதல் கொடுக்கவும் அதிகாரம் வந்துவிடுகிறது. திருமணம் அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். கெம்பஸ் நிலம் ஏதோ ஒரு பங்கின் எல்லைக்குள்தான் கிடக்கும். அந்தப் பங்குத்தந்தையோடு நல்லுறவு பேண வேண்டும் என்று 571 சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் முதல் வாரமே அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். மாணவர் அவருடைய கோவிலுக்கும் போவார்கள், அவருடைய பாடகர் குழுவில் பாதி உங்கள் பிள்ளைகளாக இருப்பார்கள். நீங்கள் சனிக்கிழமை பூசை தொடங்கினால் அவருடைய ஞாயிறுப் பூசையில் கிட்டார் வாசிக்க ஆளிருக்காது. சிரிக்க வேண்டாம், எங்கள் இடத்தில் பெரிய மனஸ்தாபமே இதில்தான் வந்தது.

பல்கலைக்கழகத்தின் கண்ணில் நீங்கள் யாருமில்லை. ஊழியர் இல்லை, மாணவர் இல்லை, அடையாள அட்டை இல்லை. வாசலில் காவலாளி மறித்தால் அது அவர் வேலை. உள்ளே உங்களுக்கு இருக்கும் ஒரே சட்டபூர்வமான இடம், பதிவு செய்த கத்தோலிக்க மாணவர் சங்கம். சங்கத்தின் பெயரில்தான் மண்டபம் கேட்கலாம், அறிவித்தல் ஒட்டலாம், காசு சேர்க்கலாம். அந்தப் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதிய செயற்குழுவின் பெயர்ப்பட்டியல், சென்ற வருடக் கணக்கு, பெரும்பொருளாளரின் கையொப்பம் மூன்றும் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரும்பொருளாளர் விரிவுரையாளராக இருக்க வேண்டும், மாணவர் அந்தப் பதவியில் இருக்க முடியாது. நான் போனபோது எங்கள் சங்கத்தின் பதிவு காலாவதியாகி இருந்தது. மாணவப் பொருளாளர் பட்டம் பெற்றுப் போய்விட்டார், பெரும்பொருளாளர் படிப்பு விடுமுறையில் வெளிநாட்டில். வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இருவர் கையொப்பமும் வேண்டும். கணக்கில் காசு கிடக்கிறது, ஒரு சதம் எடுக்க வழியில்லை. ஒளிவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை, புது மாணவர் வரவேற்புக்குச் சாப்பாடு, பாட்டுப் புத்தகம் அச்சடித்தது எல்லாம் என் கையிலிருந்து போனது. 85,000 என்று மேலே சொன்னது இதுதான். பதிவில்லாத காலத்தில் செலவழித்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வைத்திருந்தும் சங்கக் கணக்கில் காட்ட முடியாது, திரும்பி வராது. ஆகவே போனதும் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவுக் கடிதத்தின் திகதி என்ன, வங்கியில் யார் யார் கையொப்பம், அந்த இருவரும் அடுத்த வருடமும் இங்கே இருப்பார்களா. கையொப்பக்காரரை மூவராக்கி, அவர்களில் எந்த இருவரும் போதும் என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டால் பாதித் தலையிடி தீரும். மாணவப் பொருளாளரை இரண்டாம் வருடத்தில் இருந்து எடுங்கள். இறுதி வருடத்தவர் நல்ல பிள்ளையாக இருப்பார், ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் போனையே மாற்றிவிடுவார்.

பூசை நேரத்தை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். ஞாயிறு காலை என்பது பங்கில் சரி. விடுதியில் ஞாயிறு காலைதான் உடுப்புத் துவைப்பதும் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதும். சனி மாலைப் பூசையில் பங்கெடுத்தாலே ஞாயிற்றுக் கடமை நிறைவேறும் என்று 1248 சொல்கிறது. மாலை 5 மணிக்குத் தொடங்கி 50 நிமிடத்தில் முடித்தால் பெண் பிள்ளைகள் இருட்டு முன்னம் விடுதிக்குப் போய்ச் சேரலாம். மலையில் மழை நாளில் ஆறு மணிக்கே இருட்டு. பிரசங்கம் ஏழு நிமிடம். பத்து நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசை எழும்பிப் போவதைப் பார்ப்பீர்கள், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, விடுதி வாசல் மூடிவிடும்.

மொழி விடயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகள், நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள். அதனால் வரிக்கு வரி மூன்று மொழியும் கலந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி வைத்தால் யாருக்கும் ஜெபிக்க வராது, அடுத்து எந்த மொழி என்று காத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு மொழி, அதில் நற்செய்தியை மட்டும் இரண்டாவது மொழியிலும் வாசிப்பது, நற்கருணை மன்றாட்டை நடுவில் மொழி மாற்றாமல் முடிப்பது. இதுதான் எங்களிடம் நிலைத்தது. சங்கக் கூட்டத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வையுங்கள். இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கியது சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கத்தான். அதே மலையகத்தில் இருந்துகொண்டு நாம் தமிழ்ப் பூசைக்கு ஒரு கூட்டம், சிங்களப் பூசைக்கு ஒரு கூட்டம் என்று இரண்டு சங்கம் ஆக்கிவிடக் கூடாது. அந்தக் கோரிக்கை கட்டாயம் வரும். இரு பக்கத்திலிருந்தும் வரும்.

சிற்றாலயம் இல்லாத கெம்பஸில் பூசைச் சாமான் எல்லாம் ஒரு பெட்டிக்குள் உங்களோடு வரும். இங்கே குளிரும் ஈரமும் செய்யும் வேலையைப் பங்கில் இருப்பவர் நினைத்தும் பார்க்க மாட்டார். அப்பம் கோதுமை மாவில், அண்மையில் சுட்டதாக, கெடாததாக இருக்க வேண்டும். மழை மாதங்களில் பொலித்தீன் பையில் வைத்த அப்பம் இரண்டே வாரத்தில் நமுத்து, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில், அடியில் வறுத்த அரிசியைத் துணி முடிச்சாகக் கட்டிப் போட்டு வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுங்கள். கன்னியர் மடத்தில் ஆயிரமாக வாங்காமல் இருநூறாக வாங்குங்கள். திராட்சை இரசமும் அப்படித்தான். ஒரு பூசைக்கு 15 மில்லிலீற்றர் என்றால் 750 மில்லிலீற்றர்ப் போத்தல் 50 பூசைக்கு வரும், வாரம் ஒரு பூசைக்கு அது ஏறக்குறைய ஒரு வருடம். திறந்த போத்தல் அத்தனை நாள் தாங்காது, புளித்துவிடும், புளித்த இரசம் செல்லாது. திறந்த அன்றே 100 மில்லிலீற்றர்ச் சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடிவிடுங்கள். மண்டபத்தில் நற்கருணையை விட்டு வைக்க வேண்டாம். நற்கருணை வைத்திருக்கும் இடத்துக்குப் பொறுப்பாள் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், கூடுமானவரை மாதம் இரண்டு முறையாவது அங்கே பூசை நடக்க வேண்டும் என்பது 934. விரிவுரை மண்டபத்துச் சாவி பத்துப் பேர் கையில் இருக்கும். எண்ணி அர்ச்சித்து, மிஞ்சியதை அங்கேயே உட்கொண்டுவிடுங்கள்.

எண்ணெய்ச் சிமிழையும் சொல்ல வேண்டும். பெரிய வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் நோயாளர் எண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்திருந்தால், 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் இரவு அதைவிட எவ்வளவோ குளிர். நள்ளிரவில் வைத்தியசாலையில் சிமிழைத் திறந்தால் வெள்ளைக் கட்டிதான் இருக்கும், விரலில் ஒட்டாது. சிமிழைச் சட்டைப் பையில், உடம்போடு வைத்துக்கொண்டு போனால் போய்ச் சேருமுன் இளகிவிடும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் மோட்டார் சைக்கிள் குலுக்கலில் சிந்தாது. எண்ணெய் இல்லவே இல்லாமல் மாட்டிக்கொண்டால், அவசரத்தில் எந்தக் குருவும் தாவர எண்ணெயை அந்தச் சடங்குக்குள்ளேயே மந்திரிக்கலாம் (999).

இனிக் கடினமான பகுதி. புது மாணவர் வந்த முதல் இரண்டு மாதம் பகிடிவதைக் காலம். தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் இரட்டை அடி, பேச்சுத் தமிழையும் லயத்து வீட்டையும் வைத்துக் கேலி செய்வது நம் தமிழ்ச் சிரேஷ்ட மாணவரே. பூசைக்கு வந்த பிள்ளை முழங்கையைத் தூக்காமல் பாட்டுப் புத்தகம் பிடித்தால் கவனியுங்கள். பலர் அதை முதலில் பாவசங்கீர்த்தனத்தில்தான் சொல்வார்கள். அங்கே சொன்னால் உங்கள் வாய் கட்டுப்பட்டுவிட்டது. மாணவர் ஆலோசகரிடமோ, உபவேந்தரிடமோ, ஆயரிடமோ ஒரு குறிப்பும் காட்ட முடியாது, அந்தப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் அந்தப் பிள்ளையிடமேகூட வெளியில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. நான் கடைப்பிடித்த வழி: பாவமன்னிப்புக் கொடுத்த பிறகு, "தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி உங்கள் பாவம் இல்லை, மற்றவன் உங்களுக்குச் செய்த குற்றம். விரும்பினால் வெளியில் வந்து, தேநீர் குடித்துக்கொண்டு எனக்கு மறுபடி சொல்லுங்கள். அப்போதுதான் என்னால் ஏதாவது செய்ய முடியும்" என்று அங்கேயே சொல்லிவிடுவது. வந்தால் உதவி செய்யுங்கள், வராவிட்டால் ஜெபியுங்கள், வேறு வழி இல்லை. இரவில் தூக்கம் வராது. அந்த மாதங்களில் இந்த வேலையை வெறுத்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெளியில் வந்து சொன்னால், சொன்ன திகதி, இடம், நேரம் எழுதி, பிள்ளையின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை. இதை அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், சங்கத்துச் சிரேஷ்ட மாணவருக்கும் சொல்லுங்கள். பின்னவர்களுக்குச் சொல்வதுதான் அதிகம் வேலை செய்கிறது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியது பிள்ளை. அவர் பெயரில் நீங்களாக ஓடிப்போய்ச் செய்தால், மூன்று வருடம் அதே விடுதியில் இருந்து அடி வாங்கப் போவது அவர்தான். சாகும் பேச்சு எடுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல், கூடவே நடந்து வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். நேரம் கெட்ட நேரமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சந்திக்கும் அறை எப்போதும் கண்ணாடிக் கதவுள்ளதாக, ஆள் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். விடுதி அறைக்குள் போகவே வேண்டாம், நோய் பார்க்கப் போவதென்றாலும் பொறுப்பாளரோடு.

காசு. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2024இல்தான். அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மகாபொல உதவித்தொகை இரண்டு மாதம் பிந்தினால் இராச்சாப்பாடு நின்றுவிடும். கேட்க மாட்டார்கள். "பசியில்லை ஃபாதர்" என்பார்கள். காசைக் கையில் கொடுத்தால் வெட்கப்படுவார்கள். சிற்றுண்டிச்சாலைக்காரரோடு பேசி, பெயர் எழுதாமல் சாப்பிடக் கொடுத்து மாதக் கடைசியில் கணக்கை என்னிடம் வாங்கும்படி ஏற்பாடு செய்தேன். பூசைக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கே ஒதுக்கினோம். இந்த உதவியைக் கத்தோலிக்கருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், அதோடு சுவிசேஷத் துண்டுப்பிரசுரமும் சேர்க்காதீர்கள். பெளத்த, இந்து மாணவருக்குச் சாப்பாட்டோடு வேதாகமம் கொடுத்ததாக ஒரு புரளி கிளம்பினால் சங்கப் பதிவு அன்றோடு சரி. பயணச் செலவையும் முன்கூட்டியே பங்குக் கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான், அந்தக் காலத்தில் கெம்பஸ் போனால் தோட்டத்துக் கோவில் பூசை இல்லை, தோட்டம் போனால் கெம்பஸ் இல்லை.

திருமணம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கெம்பஸில் காதலித்து, "ஃபாதர்தான் கட்டி வைக்க வேண்டும்" என்று வருவார்கள். அந்த இடத்துப் பங்குத்தந்தையோ ஆயரோ அதிகாரம் ஒப்படைக்காமல் நீங்கள் நடத்தும் திருமணம் செல்லாது. குறிப்பிட்ட ஒரு திருமணத்துக்கென ஒப்படைக்க வேண்டும், பொதுவாக எல்லாவற்றுக்கும் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் (1111). "நீங்களே வைத்துவிடுங்கள் சுவாமி, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி எதையும் தொடங்காதீர்கள். மற்றவர் அங்கிலிக்கனோ மெதடிஸ்தோ என்றால், ஞானஸ்நானம் பெற்றவர், ஆயரின் அனுமதி வேண்டும். பெளத்தரோ இந்துவோ முஸ்லிமோ என்றால் விதிவிலக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாது (1086). மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இரு வீட்டாருக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு மட்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தாமதம் வருவது பெரும்பாலும் ஞானஸ்நானச் சான்றிதழில். தோட்டத்துக் கோவிலில் "செல்வி" என்று பதிந்திருக்கும், பிறப்புச் சான்றிதழில் "செல்வராணி" என்றிருக்கும், தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும். புதிதாக எடுத்த பிரதி கேட்பார்கள், பழைய தாளை லமினேட் செய்து வைத்திருப்பது உதவாது. நான்கு மாதம் முன்னம் தொடங்கச் சொல்லுங்கள். முதல் வருடத்திலேயே எல்லாரையும் சான்றிதழ் எடுத்து வரச் சொல்லி ஒரு பிரதியைக் கோப்பில் போடுவது அதைவிட நல்லது.

பெரிய வாரத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கோ விழும், ஏப்ரல் 13, 14இல் புத்தாண்டு. அந்த வாரங்களில் கெம்பஸ் காலியாகும். நீங்கள் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேடினால் நான்கு பேர் கிடைப்பார்கள். பங்கில் கொண்டாடிவிட்டு, கெம்பஸில் தவக்கால ஐந்தாம் வாரத்திலேயே ஒப்புரவு வழிபாடும் சிலுவைப்பாதையும் வைத்துவிடுங்கள். கூட்டம் பெரிதென்றால் காவல் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள், பைகளைப் பார்க்க இரண்டு பேரை வாசலில் நிறுத்துங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கோவில்களில் குண்டு வெடித்த பிறகு இது சம்பிரதாயம் இல்லை. அன்று குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு உயிர்ப்பு ஞாயிறு என்றால் என்னவென்று ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் உங்கள் பிரசங்கமே மாறிவிடும்.

விடுமுறைகளில் வரும் தனிமைக்கும் ஆயத்தமாகுங்கள். பங்கில் நம்மைச் சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு கிழவியாவது இருப்பார். இங்கே நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்த மக்களும் மாறிவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் ஒரு வயது கூடிக்கொண்டே போகிறீர்கள். உங்களுக்கென ஒரு பாவசங்கீர்த்தனக் குருவை, மாணவரோடு சம்பந்தமில்லாதவரை, வேறு ஊரில் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருநாள் போய்வருவதை நாட்குறிப்பில் மையால் எழுதுங்கள்.

கோப்பை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். சங்கப் பதிவுக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் பிரதி, கையொப்பக்காரர் பெயர், மண்டபச் சாவி யாரிடம், அந்த வருடப் பரீட்சைக் கால அட்டவணை, சான்றிதழ்ப் பிரதிகள், சிற்றுண்டிச்சாலைக் கணக்கு, ஆயர் இல்லத்து அனுமதிகள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும், சுருக்கெழுத்தில்கூட, அதற்குள் வரக் கூடாது. ஒரு பிரதி பங்குக் காரியாலயத்தில், ஒன்று பெரும்பொருளாளரிடம். மாற்றக் கடிதம் உங்களுக்கும் ஒருநாள் திடீரென்றுதான் வரும்.